எல்லை தாண்டி வீடு மாற்றம்: கோவை, பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு பக்கம் குடிபோகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொள்ளாச்சியில் காலையில் சாமான் ஏற்றினால், கோபாலபுரம் தாண்டி கொழிஞ்சாம்பாறையில் மத்தியானச் சாப்பாட்டுக்குள் இறக்கிவிடலாம். கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காடு போவதும் பெரிய தூரமில்லை. அதனால் பலரும் இதை உள்ளூரிலேயே தெரு மாறுவதைப் போல நினைத்துக்கொண்டு, கடைசி வாரத்தில் லாரிக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வந்து இறங்கிய பிறகுதான் ரேஷன், கேஸ், பள்ளிக்கூடம், வண்டி நம்பர் என்று ஒவ்வொன்றும் "அந்த ஆபீசில் ஒரு காகிதம் வாங்கி வாங்க" என்று திருப்பி அனுப்பும். எல்லைப் பக்கம் குடியிருக்கிறோம் என்பதால் உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் எங்களிடம் கேட்கிற கேள்விகளைத் திரட்டி இங்கே எழுதியிருக்கிறேன். கேரளத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பி வருகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்? முதலில் எது?

இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது காகிதம். பழைய ஊரில்தான் கிடைக்கும் என்கிற காகிதங்கள் சில உண்டு: பள்ளி மாற்றுச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் நீக்கிய சான்று, கேஸ் டிரான்ஸ்ஃபர் வவுச்சர், வண்டிக்கான என்ஓசி (தடையில்லாச் சான்று). இவற்றைக் குடிபோன பிறகு வாங்கலாம் என்று விட்டால், ஒவ்வொன்றுக்கும் லீவு போட்டு பஸ் ஏற வேண்டியிருக்கும். வீட்டுச் சாமானை ஒரே நாளில் கட்டி முடித்துவிடலாம். ஒரு தலைமை ஆசிரியர் கையெழுத்துக்குச் சில சமயம் ஒரு வாரம் பிடிக்கும்.

என் கணக்கு இதுதான். வீடு பேசி அட்வான்ஸ் கொடுத்த அன்றே வாடகை ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய ஊரில் கேஸ், ரேஷன், ஆதார் முகவரி எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. அதில் வீட்டு எண், வார்டு எண், பஞ்சாயத்துப் பெயர் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று ஒரு தரம் வாசித்துப் பாருங்கள். கேரளத்தில் எல்லாமே பஞ்சாயத்து வார்டு கணக்கில் ஓடும். அந்த எண் தவறினால் பிறகு வரிசையாக எல்லாம் தவறும்.

எந்த மாதம் நல்லது?

பிள்ளைகள் படிக்கிற வீடாக இருந்தால் ஏப்ரல், மே. இரண்டு மாநிலத்திலும் பள்ளி திறப்பது ஜூன் மாதம் என்பதால் வருடம் வீணாகாது. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. ஆகவே மே கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். திறந்த லாரியில் மெத்தை நனைந்தால் காய்வதற்கு வெயில் கிடைக்காது.

ஆடியில் நாம் குடிபோக மாட்டோம். அதே நாட்கள்தான் மலையாளத்தில் கர்க்கடகம், அவர்களும் நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். ஆகவே ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை வீடு, வண்டி, ஆள் எல்லாம் சும்மா இருக்கும், வாடகை பேசவும் தோது. நாள் நட்சத்திரம் பார்க்காதவர்கள் அந்தச் சமயத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் மழையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். நடுவழி ஒன்று உண்டு: ஆனி கடைசியில் நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு, சாமானை ஆடியில் மழை விட்ட நாளில் கொண்டுபோகிறவர்கள் இங்கே நிறையப் பேர்.

ஓணம் வாரத்தில் வண்டிக்கும் ஆளுக்கும் அலைய வேண்டிவரும். கார்த்திகை முதல் தை வரை சபரிமலை வண்டிகளால் வாளையார் சாலையில் நெரிசல். ஹர்த்தால் (முழு அடைப்பு) இருக்கிறதா என்று முந்தின வாரமே பாருங்கள். ஹர்த்தாலுக்கு 7 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது, ஆனாலும் ஒரு நாள் தள்ளிப்போட இடம் வைத்துத் திட்டமிடுவது நல்லது.

வீடு பார்க்கும்போது இந்தப் பக்கம் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

தண்ணீர். கோவையில் சிறுவாணித் தண்ணீர் குடித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயம். (சிறுவாணி அணையே பாலக்காடு மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.) கேரளத்தில் பெரும்பாலான தனி வீட்டுக்குக் கிணறுதான் ஆதாரம். "கிணறு இருக்கா?" என்று கேட்டால் இருக்கு என்பார்கள். "பங்குனி, சித்திரையில் எவ்வளவு நிற்கும்?" என்று கேளுங்கள். வீட்டுக்காரரை விடப் பக்கத்து வீட்டு அம்மா சொல்கிற பதில் நம்பகமானது. சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம், அதாவது கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கமெல்லாம் மழை மறைவுப் பகுதி. கேரளம் என்றாலே தண்ணீர்ப் பஞ்சம் இருக்காது என்று நம்பி இங்கே வீடு எடுத்துவிட்டு, கோடையில் தண்ணீர் லாரிக்குப் போன் செய்கிறவர்கள் உண்டு. போர் தண்ணீராக இருந்தால் ஒரு டம்ளர் கொதிக்கவைத்துப் பாருங்கள், அடியில் வெள்ளைப் படலம் தங்கினால் உப்பு அதிகம்.

அடுத்தது ஓடு, கூரை, சுவர். கோடையில் வீடு பார்த்தால் மழைக்கு ஒழுகுவது தெரியாது. உட்கூரையில் பழுப்பு வட்டம் இருக்கிறதா, சுவரின் அடிப்பாகத்தில் ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கதவு நிலையின் அடியில் மண் கோடு போல ஏறியிருந்தால் கரையான், இங்கே சிதல் என்பார்கள். மர பீரோ, கட்டில் வைத்திருக்கிறவர்கள் அந்த வீட்டை விட்டுவிடுவதே மேல்.

அட்வான்ஸ் எவ்வளவு? பழைய வீட்டு அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது எப்படி?

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்பது அதன் கணக்கு. கேரளத்தில் பேச்சுவார்த்தைதான். எங்கே என்றாலும், காலி செய்வதை ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. கிளம்புகிற அன்று காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். கரண்ட் மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுங்கள். சாவியைக் கொடுக்கும்போதே கணக்கை முடித்து, எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். "அடுத்த வாரம் ஜிபே பண்றேன்" என்ற பேச்சு எல்லை தாண்டிய பிறகு நீண்டுகொண்டே போகும்.

செக்போஸ்டில் வீட்டுச் சாமானுக்கு வரி கேட்பார்களா? பில் வேண்டுமா?

வேண்டாம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு வணிக வரி செக்போஸ்ட்கள் போய்விட்டன. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டும் என்ற விதியில், பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமானுக்கு விலக்கு உண்டு. ஆனால் "பயன்படுத்திய" என்பதைக் கவனியுங்கள். புது வீட்டுக்கென்று பெட்டி பிரிக்காத ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கி அதே லாரியில் ஏற்றினால், கடை பில்லைக் கையில் வைத்திருங்கள்.

வரிக்காரர்கள் போனாலும் எக்சைஸ் (கலால் துறை), மோட்டார் வாகனத் துறை, கால்நடைத் துறை சோதனைகள் இருக்கின்றன. வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் எங்கே போனாலும் எக்சைஸ்காரர்கள் வண்டியை நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம். கோபப்படாமல் திறந்து காட்டுங்கள். இதற்காகவே ஒரு வெள்ளைத் தாளில் சாமான் பட்டியல், மேலே "சொந்த உபயோகத்துக்கான பழைய வீட்டுச் சாமான்கள்", பழைய முகவரி, புதிய முகவரி, கையெழுத்து என்று எழுதி, ஆதார் நகலும் வாடகை ஒப்பந்த நகலும் சேர்த்து டிரைவரிடம் ஒரு செட் கொடுங்கள். மது பாட்டில் எதுவும் வண்டியில் வேண்டாம், பாதி காலியான பாட்டிலாக இருந்தாலும் வேண்டாம். மாடு, ஆடு கொண்டுபோகிறவர்கள் கால்நடை மருத்துவரின் சான்று வாங்க வேண்டும். நகை, பத்திரம், ரொக்கம் மூன்றையும் லாரியில் ஏற்றாதீர்கள், உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

எந்த வண்டி பிடிப்பது? பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தேவையா?

இந்தத் தூரத்துக்கு, நான் சொன்னால், தெரிந்த லாரிக்காரரே போதும். ஒரு படுக்கையறை வீட்டுச் சாமான் குட்டியானையில் இரண்டு நடை, இல்லை ஒரு பிக்கப்பில் கெட்டியாகக் கட்டினால் ஒரே நடை. இரண்டு படுக்கையறை, பீரோ, டைனிங் டேபிள், ஃபிரிட்ஜ், மோட்டார் சைக்கிள் என்றால் டாடா 407 அல்லது 14 அடி ஐச்சர் லாரி. வயதானவர்கள் மட்டும் இருக்கிற வீடு, கண்ணாடி அலமாரி அதிகம் உள்ள வீடு என்றால் கம்பெனிக்காரர்களைக் கூப்பிடலாம். அப்போதும் போனில் விலை கேட்டு முடிவு செய்யாதீர்கள். நேரில் வந்து சாமானைப் பார்த்து, எழுத்தில், ஜிஎஸ்டியோடு விலை சொல்கிறவர்களைப் பிடியுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்கக் கூடாது. குறைந்த விலைக்கு ஏற்றிக்கொண்டு, இறக்கும் இடத்தில் "சாமான் அதிகம்" என்று கூடுதல் பணம் கேட்டு வண்டியைப் பூட்டிவைக்கிற கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

டிரைவரிடம் ஒன்று தெளிவாகப் பேசுங்கள். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டும், அது கேரளத்துக்கும் செல்லுபடியாக வேண்டும். "ஏனுங்க, கேரளா பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்குங்களா? வழியில ஏதாச்சும் ஃபைன் போட்டா யாருதுங்க?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். டோலும் இதில் சேர்த்தி. வாளையார் வழி போனால் பாம்பாம்பள்ளத்தில் டோல் இருக்கிறது.

கேரளத்தில் சாமான் இறக்க யூனியன்காரர்கள் வருவார்களாமே? நோக்குகூலி கொடுக்க வேண்டுமா?

இதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி, பயந்துபோய்க் கேட்கிற கேள்வியும் இதுதான். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

கேரளத்தில் சுமட்டுத் தொழிலாளர்களுக்கு என்று 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதுகு ஒடியச் சுமை தூக்கியும் கூலிக்கு உத்தரவாதம் இல்லாமல் இருந்தவர்களுக்கு வேலையும் நலநிதியும் கிடைக்கச் செய்த சட்டம் அது. கடை, கிடங்கு, கம்பெனி ஆகியவற்றில் ஏற்றி இறக்கும் வேலையில் அந்தந்தப் பகுதியின் பதிவு பெற்ற தொழிலாளர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் விளக்கப் பிரிவே, ஒருவர் தன் சொந்த வீட்டுத் தேவைக்கு அமர்த்துகிற ஆளை "சுமட்டுத் தொழிலாளர்" என்பதில் சேர்க்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டுச் சாமானை நீங்கள், உங்கள் பிள்ளைகள், மச்சான், நீங்கள் கூட்டி வந்த ஆட்கள் யார் வேண்டுமானாலும் இறக்கலாம்.

வேலை செய்யாமல் நின்று பார்த்ததற்குக் கேட்கிற கூலிதான் நோக்குகூலி. அதைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. போலீசிலும், அந்தப் பகுதியின் அசிஸ்டன்ட் லேபர் ஆபீசரிடமும் புகார் சொல்லலாம்.

சட்டம் இது. நடைமுறையில் என்ன செய்வது? நான் எல்லோருக்கும் சொல்வது, சாமான் போகும் முன்பே வீட்டுக்காரரிடம் அந்த ஊர் வழக்கம் என்ன என்று கேளுங்கள். பீரோ, கிரைண்டர், ஃபிரிட்ஜ் மாதிரி கனமான சாமான் இருந்து, மாடிக்கு ஏற்ற வேண்டும் என்றால், அந்த ஊர்த் தொழிலாளர்களையே அந்தக் கனமான சாமானுக்கு மட்டும் கூப்பிடலாம். அவர்கள் தூக்குகிற நேர்த்தியே வேறு. ஒரு இரும்பு பீரோவைத் தலைச்சும்மாடு வைத்து, வளைந்த மாடிப்படியில் சுவரில் ஒரு கீறல் விழாமல் இரண்டு பேர் ஏற்றுவதைப் பார்த்தால், அதற்குக் கொடுக்கிற கூலி நியாயம் என்று உங்களுக்கே தோன்றும். ஆனால் எந்தச் சாமான், எத்தனை ரூபாய் என்று வேலைக்கு முன்பே பேசி முடியுங்கள், ரசீது கேளுங்கள். மரியாதையாக "சேட்டா" என்று கூப்பிட்டுப் பேசினால் பெரும்பாலும் சண்டைக்கு வேலையே இருக்காது. வண்டி வந்து நின்ற பிறகு, சாமான் பாதி இறங்கிய நிலையில், வெயிலில் நின்றுகொண்டு பேரம் பேசுவதுதான் எல்லாத் தகராறுக்கும் காரணம்.

வெட் கிரைண்டர், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் எல்லாம் எப்படிக் கட்டுவது?

கோவைக்காரர் வீட்டில் கிரைண்டர் இல்லாமலா? முதலில் கல்லைக் கழற்றுங்கள். உருளைக் கற்களைத் தனியே எடுத்து, நன்றாகக் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் பழைய சாக்கில் சுற்றி சணல் கட்டுங்கள். ஈரத்தோடு கட்டினால் கல்லின் துளைக்குள் மாவு புளித்து நாற்றம் எடுக்கும். கல்லைப் பாத்திரத்துக்குள்ளேயே விட்டு ஏற்றினால், முதல் பள்ளத்திலேயே டிரம்மில் பள்ளம் விழும். கற்கள் லாரியின் தரையில், கேபினை ஒட்டி இருக்கட்டும். அம்மி, ஆட்டுக்கல் இருந்தால் அவையும் அதே இடம்.

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் உருகவிட்டு, துடைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். நிற்கவைத்தே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இறக்கிய பிறகு நிற்கவைத்துப் பல மணி நேரம் கழித்தே சுவிட்ச் போடுங்கள். முன்கதவு வாஷிங் மெஷினுக்குப் பின்புறம் போடும் நீளமான போல்ட்கள் வாங்கும்போதே கொடுத்திருப்பார்கள், தேடிப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் டிரம் ஆடி உள்ளே உடையும். இன்வெர்ட்டர் பேட்டரியைச் சாய்க்கக் கூடாது, ஆசிட் கசியும். அதன் பக்கத்தில் துணி மூட்டை வைக்காதீர்கள்.

ஊறுகாய் ஜாடிக்கு, வாயில் வாழையிலையோ பாலிதீனோ போட்டுத் துணியால் இறுக்கி, பித்தளை அண்டாவுக்குள் அரிசி உமி அல்லது பழைய சேலை அடைத்து நடுவில் வையுங்கள். அண்டா, குண்டான், கூடை எல்லாமே பெட்டிதான், காலியாகக் கொண்டுபோக வேண்டாம். அட்டைப் பெட்டி விலைக்கு வாங்க வேண்டியதில்லை, மளிகைக்கடையில் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் தருவார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் "சமையல்", "பூஜை", "பாப்பா ரூம்" என்று புது வீட்டில் போக வேண்டிய அறையின் பெயரை எழுதுங்கள்.

ஒரு பெட்டி மட்டும் கடைசியில் ஏறி முதலில் இறங்க வேண்டும். காமாட்சி விளக்கு, எண்ணெய், தீப்பெட்டி, உப்பு, மஞ்சள், பால் காய்ச்சும் பாத்திரம், காபித்தூள், சர்க்கரை, மாத்திரைகள், சார்ஜர், ஒரு சோப்பு, ஒரு துடைப்பம், மாற்று உடை எல்லாம் அதில்.

அங்கே போனால் புத்தகமும் பட்டுச்சேலையும் பூஞ்சை பிடிக்குமா?

பிடிக்கும், கவனிக்காவிட்டால். கோவையின் வறண்ட காற்றில் பத்து வருடம் அப்படியே இருந்த புத்தகம், முதல் மழைக்காலம் முடியும்போது அட்டையில் சாம்பல் பொடி தூவினது போல ஆகிவிடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும், தடவினால் விரலில் ஒட்டும். ஆகவே கட்டுவதற்கு முன்பு, இங்கே வெயில் இருக்கும்போதே புத்தகங்களை விரித்துக் காயவையுங்கள். பட்டுச்சேலையை பிளாஸ்டிக் கவரில் அடைக்காமல் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். புது வீட்டில் பீரோவையும் புத்தக அலமாரியையும் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள், சாரல் அடிக்கிற சுவரைத் தவிர்த்துவிடுங்கள். தோல் செருப்பு, பெல்ட், ஹார்மோனியம், மிருதங்கம் வைத்திருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கேஸ் சிலிண்டரை லாரியிலேயே ஏற்றிவிடலாமா?

கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்குங்கள், டெபாசிட் திரும்ப வரும். புது ஊர் ஏஜென்சியில் அந்த வவுச்சரையும் முகவரிச் சான்றையும் கொடுத்து, டெபாசிட் கட்டி இணைப்பு வாங்கலாம். கேஸ் புத்தகம் தொலைந்திருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இடையில் சில நாள் கேஸ் இருக்காது, இண்டக்ஷன் அடுப்பு ஒன்று கைவசம் வையுங்கள்.

ரேஷன் கார்டு? மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமா?

கொஞ்ச நாளைக்குத்தான் போகிறீர்கள் என்றால் கார்டை மாற்ற வேண்டாம். முன்னுரிமை, அந்தியோதயா கார்டு வைத்திருப்பவர்கள் "ஒரே நாடு ஒரே ரேஷன்" முறையில் கேரளக் கடையிலேயே விரல் வைத்து உணவு தானியம் வாங்கலாம். நிரந்தரமாகப் போகிறவர்கள் தமிழ்நாட்டில் பெயர் நீக்கிய சான்று பெற்று, கேரளத்தில் அட்சயா மையம் (அரசுச் சேவைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் இடம்) வழியாக விண்ணப்பிக்க வேண்டும், தாலுக் சப்ளை ஆபீஸ் பார்த்துக் கொடுக்கும். அங்கே கார்டுக்கு நிறம் உண்டு: அந்தியோதயா மஞ்சள், முன்னுரிமை பிங்க், அதற்கு மேல் நீலம், வெள்ளை. புதிதாக வருகிறவருக்கு முதலிலேயே முன்னுரிமைக் கார்டு கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை தமிழ்நாட்டு குடும்ப அட்டையோடு சேர்ந்தது. அட்டையை ஒப்படைத்தால் அதுவும் போகும், பொங்கல் பரிசும் போகும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் போகும். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, பிறகு முடிவெடுங்கள். இரண்டு பக்கமும் கார்டு வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம், ஆதார் இணைப்பில் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் தமிழிலேயே படிக்க முடியுமா?

முடியும், ஊரைப் பொறுத்து. சித்தூர் தாலுகாவில் தமிழ் வழி வகுப்புகள் உள்ள பள்ளிகள் இருக்கின்றன. இடுக்கியில் தேவிகுளம், பீருமேடு பக்கமும் அப்படித்தான். வீடு பார்க்கும் முன்பே பள்ளியைப் பாருங்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன். நாலு கிலோமீட்டர் தள்ளி வீடு எடுத்தால் தமிழ் வகுப்பு இல்லாத பள்ளி எல்லைக்குள் போய்விடலாம், பிள்ளை ஐந்தாம் வகுப்பில் புதிதாக எழுத்துக் கற்க வேண்டிவரும். கேரளத்தில் மலையாளமும் படித்தாக வேண்டும். அதைச் சுமையாக நினைக்க வேண்டாம், சின்ன வகுப்பில் வருகிற பிள்ளைகள் ஒரு வருடத்தில் பேசிப் பழகிவிடுவார்கள். கஷ்டம் எட்டு, ஒன்பதில் வருகிறவர்களுக்குத்தான். பத்தாம் வகுப்புக்கு நடுவே மாற்றவே மாற்றாதீர்கள்.

திரும்பி வருகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். மலையாளம் மட்டும் படித்த பிள்ளை என்றால், சேர்க்கும் நாளிலேயே தலைமை ஆசிரியரிடம் விலக்கு பற்றி எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

மாற்றுச் சான்றோடு, யூடைஸ் தளத்தில் (பள்ளிப் பிள்ளைகளின் விவரங்களைப் பதிவு செய்யும் அரசுத் தளம்) பழைய பள்ளி பிள்ளையின் பெயரை விடுவித்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். காகிதத்தில் டிசி கையில் இருந்தும், கணினியில் பெயர் பழைய பள்ளியிலேயே நிற்பதால் புதிய பள்ளி சேர்க்க முடியாமல் தவிக்கும்.

சாதிச் சான்று அங்கே செல்லுமா?

பட்டியல் சாதி, பழங்குடிச் சலுகை சொந்த மாநிலத்தோடு கட்டுப்பட்டது. குடிபெயர்ந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டை அதை வைத்துக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. மத்திய அரசு வேலைக்கும் மத்தியக் கல்வி நிறுவனத்துக்கும் அதே சான்று செல்லும். பிற்படுத்தப்பட்டோர் பட்டியலும் இரண்டு மாநிலத்திலும் ஒன்றல்ல. கல்லூரி சேரும் வயதில் பிள்ளை இருந்தால், இந்த ஒரு காரணத்துக்காகவே குடிமாற்றத்தை இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அது புத்திசாலித்தனம்தான்.

டிஎன் நம்பர் வண்டியை எவ்வளவு நாள் ஓட்டலாம்?

மோட்டார் வாகனச் சட்டப்படி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்டிஓ-விடம் படிவம் 28-இல் என்ஓசி, கடன் இருந்தால் வங்கியின் சம்மதம், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வேண்டும். கேரளத்தில் வரி கட்டிப் புது நம்பர் வந்த பிறகு, தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்குரிய பங்கைத் திரும்பக் கேட்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்கு முகவரி மாற்றம் மட்டும் போதும்.

கரண்ட் பில் அதிகமாகுமா?

தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று பழகியிருப்பீர்கள், அங்கே எல்லோருக்குமான அந்தச் சலுகை இல்லை. கேரள மின்வாரியத்தில் இன்னொன்று உண்டு: மாதம் 250 யூனிட் வரை படிப்படியான விலை, அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. ஏசி வைத்திருக்கிறவர்கள் கோடையில் மீட்டரைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். குடிவந்த அன்று மீட்டரை போட்டோ எடுத்து, வீட்டுக்காரருக்கு அனுப்பி, 13 இலக்க கன்ஸ்யூமர் எண்ணைக் கேட்டு வாங்கிவையுங்கள்.

குப்பை எங்கே போடுவது?

கோவையில் மாநகராட்சி வண்டி வரும். கேரளப் பஞ்சாயத்துகளில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் மாதாமாதம் வந்து, கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை மட்டும் வாங்கிப்போவார்கள், அதற்கு ஒரு சிறு தொகை கட்ட வேண்டும். ஈரக் குப்பை உங்கள் வீட்டிலேயே உரமாக வேண்டும். குடிவந்த முதல் வாரத்தில் தெர்மாகோலும் பபிள் ஷீட்டும் மலையாய்க் கிடக்கும். கொளுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள், அபராதம் விழும். அதனால்தான் கட்டும்போதே துணியும் சாக்கும் காகிதமும் பயன்படுத்துங்கள் என்கிறேன்.

மலையாளம் தெரியாது. ஆபீசில் தமிழில் எழுதிக் கொடுக்கலாமா?

கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுத உரிமை தருகிறது. சித்தூர் பக்கத்து அலுவலகங்களில் தமிழ் பேசும் ஊழியர்களும் கிடைப்பார்கள். தயங்காமல் தமிழில் எழுதுங்கள். பயன்படுத்தாத உரிமை மெல்ல மெல்லக் காணாமல் போகும் என்பது எல்லைப் பக்கத்துத் தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும். கூடவே மலையாள எழுத்தையும் படிக்கப் பழகுங்கள். பஸ் போர்டும் கரண்ட் பில்லும் வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

ஓட்டு, ஆதார், வங்கி?

வாக்காளர் முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. வேறு மாநிலத்துக்குப் போனாலும் அதேதான், புதிதாகப் படிவம் 6 போட வேண்டாம். ஆதார் முகவரியை முதலில் மாற்றினால் மற்றவை சுலபம். ஆனால் கேஸ் வவுச்சர், பள்ளிச் சான்று, வண்டி என்ஓசி போன்ற பழைய ஊர் வேலைகள் எல்லாம் முடிந்த பிறகே ஆதாரில் கை வையுங்கள், இல்லையென்றால் இங்கேயே "முகவரி பொருந்தவில்லை" என்பார்கள். வங்கிக் கணக்கை மாற்ற அவசியமில்லை, முகவரியை மட்டும் திருத்துங்கள். மொபைல் எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்ற வேண்டாம், எல்லா ஓடிபியும் அதில்தான் வரும்.

பழைய வீட்டுக்கு வரும் தபால்?

அந்த ஊர் அஞ்சலகத்தில் புது முகவரியை எழுதிக் கொடுத்தால் கொஞ்ச காலத்துக்குத் திருப்பி அனுப்புவார்கள். போஸ்ட்மேனிடமும் நேரில் ஒரு வார்த்தை சொல்லி, உங்கள் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். எல்ஐசி, பென்ஷன், கோர்ட் தபால் வர வேண்டியவர்கள் அந்தந்த அலுவலகத்துக்குத் தனித்தனியே ஸ்பீட் போஸ்டில் எழுதி, அதன் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.